குறைமாதம் என்ற சமாதானம் போதாது

குறைமாதத்தில் பிறந்த குழந்தை எடை குறைந்தால், “குறைமாதந்தானே, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லுகிறோம். பாலை உறிஞ்சாமல் சோர்ந்து கிடந்தாலும் அதுவே சமாதானம். வாந்தி எடுத்தாலும், தோல் வற்றிச் சுருங்கினாலும், உச்சிக்குழி பள்ளமாக விழுந்தாலும் அதே சமாதானம். பெரும்பாலான சமயங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது. எஞ்சிய சில சமயங்களில் அந்தச் சமாதானமே குழந்தையின் உயிரைக் கொண்டுபோய்விடுகிறது. உடம்பில் நீரையும் உப்பையும் நிறுத்திவைக்கும் ஹார்மோன்களில் ஒன்று சுரக்காமற் போனதால் வற்றி மடியும் சிசுக்கள் நம் நாட்டில் உண்டு. அந்த ஹார்மோன்களுக்கு ஈடான மருந்துகள் உலகத்துக்குப் புதியவை அல்ல. குறைவாயிருப்பது மருந்தன்று; உரிய காலத்தில் சந்தேகங்கொள்ளும் வழக்கமே. அவ்வழக்கத்தை நம் ஆஸ்பத்திரிகளில் நிலைநாட்ட வேண்டுமென்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம்.

1940-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியான ஒரு குழந்தையின் வரலாறு இவ்விஷயத்தில் என்றும் மறக்கத் தகாதது. பால்டிமோர் நகரத்து வைத்தியரான லாஸன் வில்கின்ஸும், ஆராய்ச்சியாளரான கர்ட் ரிக்டரும் அதை எழுதினார்கள். மூன்றரை வயதுப் பையன். உப்பென்றால் அவனுக்கு உயிர். பிஸ்கோத்தின் மேலுள்ள உப்பை மாத்திரம் நக்கித் தின்பான். அவன் முதன்முதல் பேசக் கற்ற சொற்களில் ‘உப்பு’ என்பதும் ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தபின், எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கும் சாதாரண உணவே அவனுக்கும் கொடுக்கப்பட்டது. ஏழு நாளில் அவன் இறந்துபோனான். அட்ரினல் சுரப்பிகளில் கோளாறு இருந்ததென்பது பின்னரே வெளிப்பட்டது. உப்பைத் தேக்கிவைக்கச் சக்தியற்ற அவ்வுடம்பு, இழந்த உப்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு அத்தனை காலம் உயிரோடிருந்தது.

பேசத் தெரிந்த குழந்தை கேட்டது. கையெட்டிய குழந்தை எடுத்துத் தின்றது. இன்குபேட்டரில் கிடக்கும் ஒன்றரைக் கிலோச் சிசு எதைக் கேட்கும்? எப்படிக் கேட்கும்? அது கழிக்கும் சிறுநீரும், அதன் ரத்தத்திலுள்ள உப்பின் அளவுமே அதன் பேச்சு. அப்பேச்சைக் கேட்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் அது பிழைக்கும்.

இது எங்கோ நடக்கும் காரியமென்று நாம் இருந்துவிட முடியாது. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையுமுன் பிறந்தன என்று சர்வதேச ஸ்தாபனங்கள் கணக்கிட்டிருக்கின்றன. அவற்றுள் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. அதாவது, ஐந்தில் ஒன்றுக்கு மேல். குறைமாதச் சிசுக்களைப் பற்றிய எந்தக் கேள்வியும் முதலில் நம் தேசத்தைக் குறித்த கேள்வியாகும்.

வைத்தியர்கள் மீது குற்றஞ் சுமத்துவது நம் நோக்கமன்று. குறைமாதச் சிசுவின் உடல் நிலையே எவரையும் ஏமாற்றக்கூடியது. அதன் தோல் மெல்லியது. தோலின் வழியாகவே நீர் ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் சிறுநீரகங்கள் முதிராதவை. சிறுநீரைச் சுண்டவைக்கவும், ஸோடியம் என்னும் உப்புச் சத்தைத் திருப்பி இழுத்துக்கொள்ளவும் அவற்றுக்குப் போதிய வலிமை இல்லை. முதல் வாரத்தில் பிறந்த எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு, சில குழந்தைகளுக்குப் பதினைந்து பங்கு வரையிலுங்கூடக் குறைவது எதிர்பார்க்கத்தக்கதே. மிகச் சிறிய சிசுக்களுக்கு முதல் மூன்று நாட்களில் ரத்தத்தில் பொட்டாஸியம் ஏறுவதும், சில வாரங்களுக்குப் பின் ஸோடியம் தாழ்வதும் வேறு வியாதி இல்லாமலே நிகழலாம். இவற்றோடு பால் போதாமை, பேதி, ரத்தத்தில் பரவும் கிருமித் தொற்று ஆகியவையும் உண்டு. ஆகவே வைத்தியர் முதலில் இவற்றை நினைப்பது நியாயமே. முதலில் நினைத்ததோடு நின்றுவிடுவதுதான் பிழை.

உடம்பின் நீர்நிலையைக் காக்க மூன்று ஹார்மோன்கள் முக்கியமாக உழைக்கின்றன. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வெளிவரும் வாஸோப்ரெஸ்ஸின், சிறுநீரகத்திலிருந்து நீர் வீணே ஓடாமல் மடை அடைக்கிறது. சிறுநீரகங்களின் தலைமீது தொப்பியைப்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன், ஸோடியத்தை உள்ளே இழுத்துப் பொட்டாஸியத்தை வெளியே தள்ளுகிறது. அதே சுரப்பிகளில் ஊறும் கார்டிஸால், ரத்த அழுத்தத்தையும் ரத்தத்திலுள்ள சர்க்கரையையும் விழாமல் தாங்குகிறது. இம்மூன்றில் எது குறைந்தாலும் சிசு தாங்காது.

இவ்வகை நோய்களுள் முதலாவதாகக் கருதவேண்டியது, பிறவியிலேயே அட்ரினல் சுரப்பிகள் பருத்திருக்கும் நோய். பெரும்பாலும் 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்னும் நொதியின் குறையால் இது உண்டாகிறது. கார்டிஸாலும் ஆல்டோஸ்டிரோனும் உண்டாக வேண்டிய வழி அடைபட்டுப்போகவே, மூலப்பொருள்கள் திசைமாறி ஆண்தன்மைக்குரிய ஹார்மோன்களாகப் பெருகுகின்றன. கடுமையான வகையில், பிறந்த இரண்டாவது வாரத்தையொட்டி உப்பு கரைந்து போகத் தொடங்குகிறது. ஸோடியம் தாழ்கிறது, பொட்டாஸியம் ஏறுகிறது, சர்க்கரை குறைகிறது, பின்னர் ரத்த அழுத்தம் விழுகிறது, எவ்வளவு திரவம் ஏற்றினாலும் நிமிர்வதில்லை. அதிகரித்த பொட்டாஸியம் இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

இதில் ஆண் சிசுவுக்கே அபாயம் அதிகம். பெண் குழந்தையாயின் பிறப்புறுப்பில் காணும் வேற்றுமை வைத்தியரை எச்சரிக்கிறது. ஆண் குழந்தையின் உடலிலோ வெளிப்படையான அடையாளம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இருக்கும் ஓர் அடையாளமாகிய தோலின் கருமையும் நம் நாட்டுக் குழந்தைகளிடம் இயற்கை நிறமென்றே எண்ணப்படும். ஆகவே, அவன் பிழைக்கவும் மடியவும் ரத்தச் சோதனை ஒன்றே எல்லையாக நிற்கிறது.

குறைமாதத்திலோ பெண் குழந்தைக்கும் அந்தப் பாதுகாப்பு நிச்சயமில்லை. உரிய காலத்துக்கு முன் பிறந்த பெண் சிசுவின் உறுப்பு இயல்பாகவே சற்று முனைப்பாகத் தோன்றும். ஆதலால் மெய்யான வேற்றுமையும் இயல்பென்று தள்ளப்படலாம். இதற்கு மாறாக, நோயின் மிகுதியால் ஆண் உருவமே பெற்ற பெண் சிசு, “ஆண் குழந்தை, விரைகள் இன்னும் இறங்கவில்லை, குறைமாதத்தில் இது சகஜம்” என்று பதிவு செய்யப்படலாம். விரைகள் இரண்டும் கைக்குத் தட்டுப்படாத எந்தச் சிசுவையும் ஆணென்று தீர்மானிக்குமுன் ரத்தத்தைச் சோதிக்கவேண்டுமென்பது பிரசவ அறையிலுள்ள ஒவ்வொருவரும் மனனம் செய்யவேண்டிய விதி. குடும்பத்தார் வெட்கத்தால் இவ்விஷயத்தை மூடிவைப்பதும் உண்டு. இதில் வெட்கத்துக்கு இடமில்லை. இது சுரப்பியின் கோளாறேயன்றி, எவருடைய பாவமுமன்று.

இரண்டாவது வகை, ஹார்மோன் இருந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காத நிலை. ஆல்டோஸ்டிரோன் ஏராளமாகச் சுரந்தும் உப்பு கரைந்துகொண்டே போகும். சிலருக்கு இது பிறவிக் குறை. வேறு சில சிசுக்களுக்குச் சிறுநீர்ப் பாதையின் அமைப்புக் கோளாறோடு கிருமித் தொற்றும் சேர்ந்து தற்காலிகமாக இந்நிலையை உண்டாக்கும். தொற்றைத் தீர்த்தால் இதுவும் தீரும். ஆகையால் ஸோடியம் தாழ்ந்து பொட்டாஸியம் ஏறிய சிசுவின் சிறுநீரைச் சோதிக்காமல் விடலாகாது.

மூன்றாவது வகை இதற்கு நேர்மாறானது. வாஸோப்ரெஸ்ஸின் சுரக்காவிட்டால் உப்பு நின்று, நீர் மாத்திரம் வெள்ளமாக ஓடிவிடும். குறைமாதச் சிசுவின் மூளையில் ரத்தம் கசிந்ததன் விளைவாக இது உண்டாகலாம்; பிட்யூட்டரியின் பிறவிக் குறையாகவும் இருக்கலாம். நெடுங்காலம் ‘டயாபிட்டிஸ் இன்ஸிபிடஸ்’ என்று வழங்கிய இந்நோய் சர்க்கரை வியாதியோடு குழப்பப்படுவதைத் தவிர்க்கும் பொருட்டு, 2022-இல் நிபுணர்கள் இதற்கு வாஸோப்ரெஸ்ஸின் குறைநோய் என்ற பொருள்படும் புதுப்பெயரே இட்டார்கள். பெயர்க் குழப்பமே சிகிச்சைக் குழப்பமாகி நோயாளிகளுக்குத் தீங்கு செய்யும் என்பதை இதனாலும் அறியலாம்.

இவ்வளவையும் பிரித்தறிவதற்குப் பெரிய யந்திரங்கள் வேண்டுமோ என்று வாசகர்கள் கேட்கலாம். முதற்படிக்கு வேண்டியதில்லை. வற்றிய உடம்பு நீரை மிச்சம் பிடிக்க வேண்டும். சிறுநீர் குறைய வேண்டும். உடம்பு வற்றியிருக்கச் சிறுநீர் மாத்திரம் தாராளமாகக் கழிந்தால், அது இயற்கைக்கு முரண். அம்முரணைக் கண்டவுடனே கேள்வி எழ வேண்டும். ஸோடியம் தாழ்ந்து, பொட்டாஸியம் ஏறியிருந்தால் அட்ரினல் சுரப்பியையும் ஆல்டோஸ்டிரோனையும் நினைக்க வேண்டும். ஸோடியம் ஏறி, சிறுநீர் தண்ணீரைப்போல் இருந்தால் வாஸோப்ரெஸ்ஸினை நினைக்க வேண்டும். சர்க்கரையும் அடிக்கடி தாழ்ந்தால் கார்டிஸாலையும் பிட்யூட்டரியையும் நினைக்க வேண்டும். குறைமாதச் சிசுவின் சிறுநீரகம் முதிராதது ஆகையால் இவ்வடையாளங்கள் முடிவான சாட்சியங்கள் ஆகமாட்டா. ஆனால் விசாரணை தொடங்க இவை போதும். எடை பார்க்கும் தராசும், நனைந்த துணியை நிறுத்துச் சிறுநீரைக் கணக்கிடும் பொறுமையும், ஸோடியம், பொட்டாஸியம், சர்க்கரை ஆகிய மூன்றுக்கும் ஒரு ரத்தச் சோதனையும் ஜில்லா ஆஸ்பத்திரியின் சக்திக்கு மேற்பட்டவை அல்ல.

எல்லா வறட்சிக்கும் ஒரே திரவத்தை ஏற்றினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. போதாது, சில வேளைகளில் அதுவே தீங்காகும். ஏறியிருக்கும் ஸோடியத்தை அவசரப்பட்டு இறக்கினால் மூளை வீங்கும். கார்டிஸால் இல்லாத சிசுவுக்குத் திரவம் மாத்திரம் கொடுத்தால் ரத்த அழுத்தம் நிமிராது. இன்னொரு நுட்பமும் உண்டு: கார்டிஸாலும் வாஸோப்ரெஸ்ஸினும் ஒருங்கே குறைந்த சிசுவிடம் முதற்குறை இரண்டாவதை மறைத்து நிற்கும்; கார்டிஸாலுக்கு ஈடான மருந்து உள்ளே போனபின்புதான் சிறுநீர் வெள்ளம் புறப்படும். நோயின் பெயரைத் தெரிந்துகொள்வது வித்வத்துக்காக அன்று. அப்பெயரைப் பொறுத்தே சிகிச்சை அமைகிறது.

சிகிச்சையின் வரலாறு நமக்கு நம்பிக்கையூட்டுவது. உப்புக்கு ஏங்கி இறந்த பையனைப்பற்றி எழுதிய அதே வில்கின்ஸ், பத்து ஆண்டுகளுக்குப் பின், 1950-இல், பிறவி அட்ரினல் நோய்க்குக் கார்டிஸோன் பயன்படுவதைக் கண்டார். ஆல்டோஸ்டிரோன் 1953-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வேலையைச் செய்யும் ஃப்ளூட்ரோகார்டிஸோன் மாத்திரையும், ஹைட்ரோகார்டிஸோனும், அளவறிந்து கொடுக்கும் உப்பும் சேர்ந்து இன்று இந்நோயுள்ள குழந்தைகளை வாழவைக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் குழந்தைகளுக்கு இன்றியமையாத மருந்துகள் என்று வகுத்த பட்டியலில் இவ்விரு மருந்துகளும் இருக்கின்றன. வாஸோப்ரெஸ்ஸின் குறைக்கு டெஸ்மோப்ரெஸ்ஸின் உண்டு. காலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தை பள்ளிக்கூடம் போகும், வளரும், வாழும். கண்டுபிடிக்கப்படாத குழந்தையின் மரணமோ, “குறைமாதம்” என்றோ “கிருமித் தொற்று” என்றோ பதிவாகி மறைந்துபோகும்.

“அபூர்வ வியாதிகளுக்காக ஏழை நாடு பணம் செலவழிக்கலாமா?” என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். அபூர்வம் என்ற சொல்லை நம் நாட்டுக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, ஹைதராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களைச் சோதித்து, முடிவை 2018-இல் வெளியிட்டது. பிறவி அட்ரினல் நோய் 5,762 சிசுக்களுக்கு ஒன்று என்ற வீதம் காணப்பட்டது. உலகில் பொதுவாகச் சொல்லப்படும் வீதம் ஏறக்குறைய 15,000-க்கு ஒன்று. ஐந்து நகரங்களில் சென்னையில்தான் இது மிக அதிகம், 2,036-க்கு ஒன்று. நாடெங்கும் 5,762-க்கு ஒன்று என்றே கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் பிறக்கும் இத்தேசத்தில் ஏறக்குறைய 4,000 சிசுக்கள் ஆண்டுதோறும் இந்நோயுடன் பிறக்க வேண்டும். நாலாயிரம் குடும்பங்களின் துயரத்தை அபூர்வம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

தமிழ் நாட்டார் இக்கணக்கைத் தனியே சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள். இந்நோய் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபுக்கூறு சேர்ந்தால் மாத்திரம் வருவது. இருவரும் அதைச் சுமப்பவராயின் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் வழக்கம் அத்தகைய சேர்க்கைக்கு இடம் தருகிறது. ஆகவே, “உறவில் மணந்தீர்களா? முன்பு பிறந்த குழந்தை ஏதேனும் இரண்டொரு வாரத்தில் காரணந் தெரியாமல் இறந்ததா?” என்ற இரு கேள்விகளையும் ஒவ்வொரு தாயிடமும் கேட்க வேண்டும். கேட்பதற்குக் காலணாச் செலவில்லை.

“குறைமாதச் சிசுக்களிடம் இச்சோதனை பொய் எச்சரிக்கை தருகிறதே?” என்ற இன்னோர் ஆட்சேபமும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்துளியைக் காகிதத்தில் உலரவைத்து 17-ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற பொருளை அளக்கும் முறையை 1977-இல் ஸாங்யா பாங் முதலியோர் வெளியிட்டார்கள். அலாஸ்காவில் அது முதலில் கையாளப்பட்டது. குறைமாதச் சிசுவிடம் அப்பொருள் நோயில்லாமலே மிகுந்து காணப்படும். சிசுவின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியால் அது தாழ்ந்து காணவும் கூடும். இதற்குப் பரிகாரம் சோதனையைக் கைவிடுவதன்று. எடைக்கும் வாரத்துக்கும் ஏற்ற வரம்புகளை வகுத்து, சில வாரங்களில் மறுபடி சோதித்து, சந்தேகமானவற்றை நுட்பமான இரண்டாம் சோதனைக்கு அனுப்புவதே பரிகாரம். பிற நாடுகள் அப்படித்தான் செய்கின்றன. நம் அண்டையிலுள்ள கேரளமும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் சிசுக்களுக்கு இந்நோய்ச் சோதனை செய்யும் ஏற்பாட்டை நடத்திக் காட்டியிருக்கிறது. அங்கே முடிந்தது மற்ற ராஜ்யங்களில் முடியாதென்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

2030-க்குள் பிறந்த ஆயிரம் சிசுக்களில் முதல் மாதத்தில் இறப்போரின் தொகையைப் பத்துக்குக் கீழ் கொண்டுவருவதென்று இந்திய சர்க்கார் 2014-ஆம் ஆண்டிலேயே சங்கற்பம் செய்துகொண்டது. அதை நிறைவேற்றப் பெரிய நோய்களைத் துரத்தினால் மாத்திரம் போதாது. மறைந்திருக்கும் நோய்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். இதற்காக நாம் கோருபவை நான்கு. முதலாவது, காரணம் தெளிவுபடாமல் வற்றும் ஒவ்வொரு சிசுவுக்கும் ஸோடியம், பொட்டாஸியம், சர்க்கரை, சிறுநீரின் அளவு ஆகிய நான்கையும் அன்றே பார்க்கும்படி ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவிட வேண்டும். இரண்டாவது, நோய் அட்ரினலைச் சேர்ந்ததென்ற வலுவான சந்தேகம் தோன்றினால், ஹார்மோன் சோதனைக்கு ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிஸோனைத் தொடங்கும் அதிகாரம் ஜில்லா வைத்தியருக்கு இருக்க வேண்டும். மூன்றாவது, பிறந்த எல்லாச் சிசுக்களுக்கும் குதிகால் ரத்தச் சோதனையைத் தேசம் முழுவதற்கும் பொதுவான ஏற்பாடாக்க வேண்டும். நான்காவது, ஃப்ளூட்ரோகார்டிஸோன் மாத்திரை பட்டணத்துக் கடைகளில் மாத்திரமன்றி ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் இடைவிடாமல் கிடைக்க வேண்டும். இம்மருந்துகள் ஆயுள் முழுவதும் வேண்டியவை. கையிருப்பு தீர்ந்துபோனால் உயிரும் அபாயத்துக்கு உள்ளாகும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்த குறைமாதக் குழந்தை எடை ஏறாமல் நின்றாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், பால் குடிக்கச் சக்தியற்றுத் துவண்டாலும், “பல் முளைத்தால் சரியாகும், திருஷ்டி கழித்தால் சரியாகும்” என்று காத்திராதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இக்கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டிலே பாலில் உப்பைக் கலந்து கொடுக்கவும் துணியாதீர்கள். ஸோடியம் ஏறிய சிசுவுக்கு அது விஷம். ரத்தத்தில் உப்பைப் பார்த்தாயிற்றா என்று வைத்தியரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. அது உங்கள் உரிமை.

பால்டிமோர்ப் பையன் தன் வாயால் உப்பு உப்பு என்று கேட்டான். கேட்டவனையே காப்பாற்ற அன்று வழி தெரியவில்லை. இன்று வழி தெரியும். வாயற்ற சிசுவுக்காக அக்கேள்வியைக் கேட்கவேண்டியவர்கள் வைத்தியர்கள், தாதிமார்கள், சர்க்கார், நாம் எல்லோருமே. குறைமாதம் என்பது ஒரு குழந்தை பிறந்த காலத்தின் பெயர். அது இறந்த காரணத்தின் பெயராகிவிட நாம் அனுமதிக்கலாகாது.